போளை போன பக்கம்

செருப்பைக் கழற்றும்போதே மகனின் போளை என் கைக்குள் வந்துவிட்டது.
மட்டப்பலகையை விரித்தால்
வீட்டுக்காரர் முகம் இறுகும், விலையும் இறுகும்.
போளை என்றால்
ஏதோ பிள்ளை விட்டுப்போனது.

கண்டி, சிமோன்ஸ் ஒழுங்கை, பதினான்கின் கீழ் மூன்று.
பதினெட்டுப் பேர்ச். தனிவீடு.
சுவரில் காதை வைத்துப் பார்த்தேன்:
பின்னால் யாரும் இருமவில்லை.

முன் ஹோலில் போளை நின்றது.
சிவப்புச் சீமெந்து, மெழுகு தேய்த்துத் தேய்த்து
என் முகம் அதில் கொஞ்சம் வசதியானவள் போலத் தெரிந்தது.
சாப்பாட்டறையிலும் நின்றது.
பின்னறையில்
ஒரு கணம் யோசித்தது,
பிறகு பள்ளத்துப் பக்கமாக மெல்லப் போய்ச்
சுவரைத் தட்டியது.

விஜேகோன் ஐயா பார்த்தார்.
பார்க்காதவர் போல ஜன்னலைத் திறந்தார்.
ஹந்தானை மலை முழுதாக உள்ளே வந்தது.
எல்லாரும் இந்த இடத்தில்தான் விலையை மறப்பார்கள்,
அது அவருக்குத் தெரியும்.
ஜெகசீலன் மறந்துவிட்டார்.
ஜன்னலில் கையூன்றிய அந்த முதுகு
கட்டிலை எந்தப் பக்கம் போடுவதென்று தொடங்கிவிட்டது.

நான் அவர்களுடைய அலுமாரியைத் திறந்து முகர்ந்தேன்.
ஜூலை மாதம் உள்ளே இருந்தது.
மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில் துணி சுற்றிய வயர்.
அண்ணாந்தால்
குரங்கு புரட்டிய ஓடுகளின் வழியே
பதினொரு சல்லிக்காசு வெளிச்சம்.
தண்ணீர் எப்படி என்றேன்.
"ஒரு கரைச்சலும் இல்லை."
வேலிக்கு அப்பால் துணி உலர்த்திய பெண்
என்னை மட்டும் பார்த்து இரண்டு விரல் காட்டினாள்.
இரவு இரண்டு மணி.
மேட்டு வீடுகளுக்கு அப்போதுதான் ஏறுமாம்.

"கம கொஹேத?"
தேநீரை நீட்டியபடி கேட்டார். குறையாக எதுவும் இல்லை அந்தக் குரலில்.
டிக்கோயா என்றேன். அதோடு நிறுத்தினேன்.
கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் லயம் என்பதை
தேநீரோடு விழுங்கினேன்.
அங்கே கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும்,
கிளாக்கர் மேசையில் படுத்தெழும்பிப் பிறகு எங்களிடம் வரும்.
தாதிப் பயிற்சிக்கு நேர்முகம் என்று ஒரு கடிதம்
நேர்முகம் முடிந்த மறுநாள் வந்தது.
இந்தக் கேட்டில் ஒரு தபால் பெட்டி,
துருப்பிடித்தது, மூடி இல்லை.
அதற்கு எவ்வளவு போடலாம்?
வங்கிக்காரர் படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

திரும்பவும் பின்னறை.
நாட்காட்டிக்குக் கீழே ஒரு வெடிப்பு இறங்குகிறது.
குறுக்கே, இரு முனையும் சீமெந்தில் புதைத்த கண்ணாடித் துண்டு,
பென்சிலில் ஒரு தேதி, 2014.
சுவர் ஒரு நூல் அசைந்தாலும்
முதலில் சாவது கண்ணாடி.
அது சாகவில்லை.
மூச்சை விட்டேன். விட்ட மூச்சோடு விரல் மேலே போனது:
சுண்ணாம்புக்கு அடியில்
இரண்டு பழைய சீமெந்துத் தழும்புகள்.

"இதற்கு முந்தியவை?"

அவர் கொஞ்சநேரம் மலையைப் பார்த்தார்.
"ரெண்டும் உடைந்தது. பிறகுதான் கீழே மதில் கட்டினேன்,
மனைவியின் சங்கிலியை விற்று.
அதற்குப் பிறகு இல்லை."
காலையிலிருந்து அவர் சொன்னவற்றில்
இதை மட்டும்தான் விற்கப் பார்க்கவில்லை.

மதிலைப் பார்க்க இறங்கினேன், தனியாக.
மண்சரிவுச் சான்றிதழ் எடுக்க வேண்டும்.
பாஸைக் கூட்டிவர வேண்டும்.
வயரிங் புதிதாக. ஓடு. தாங்கி.
கேட்கிற விலையில் பன்னிரண்டு இலட்சம் குறைக்கச் சொல்லலாம்,
எட்டுக்கு அவர் இறங்கக்கூடும்.
மதிலில் ஒன்பது நீர்த்துவாரம்,
ஆறில் சொட்டுகிறது,
மூன்றை வேர் அடைத்திருக்கிறது.

ஒரு கொய்யாக் குச்சியை ஒடித்து ஒன்றைக் குத்தினேன்.
கறுப்பாக வந்தது. பிறகு மண்ணாக.
பிறகு, என் கையெல்லாம் நனைய, தெளிவாக.
மேலிருந்து ஜெகசீலன் கூப்பிட்டார், போவோமா என்று.
நம் மதிலா இது, இல்லை.

அடுத்ததையும் குத்தினேன்.