சொத்துப் பதிவேடு

திருத்துறைப்பூண்டி, உரக்கடை மாடி.
ஐப்பசி மழை தகரத்தில் கொட்டியதால்
தலைவர் பேசியதில் பாதியை
நானாகத்தான் எழுதினேன்.

தீர்மானம் ஒன்று: பெட்ரோல் படி.
தீர்மானம் இரண்டு: தடுப்பூசிக்கு ஐஸ் பெட்டி.
போன வருஷமும் அதுதான் இரண்டு.
மூன்றுக்குப் போகுமுன்
தலைஞாயிறு தையல்நாயகி எழுந்து வந்து
யூரியா சாக்கைப் பிரித்து
மூன்று நோட்டுகளை மேசையில் வைத்தாள்.

பதினோரு வருஷம்.
எந்த மதகில் என்றைக்குத் தண்ணீர் வந்தது,
எந்தத் தெருவில் யார் வீட்டு மாடு
கழுத்து வீங்கி, நாக்குத் தள்ளி
விடியுமுன் சாய்ந்தது,
ஊசி போட்ட நாள்,
போடாமல் விட்ட நாள்,
விட்டதற்குக் காரணம்: பாலம் முழுகிப்போச்சு.
ஒரு பக்கத்தில் மயிர் ஒன்று ஒட்டியிருந்தது.
செவலை.

‘அஜெண்டாவில் இல்லையே’ என்றார்
பொருளாளர் உதுமான்.
‘தொண்டை அடைப்பானும்
அஜெண்டா பார்த்து வர்றதில்ல சார்.’

இரண்டு வருஷம் முன் யாரோ ஓர் ஆய்வாளர்
மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்துப் போனார்.
கட்டுரை வந்துவிட்டதாம்.
படிக்க முப்பத்தொன்பது டாலர்.
உதுமான் கால்குலேட்டரைத் தட்டினார்:
பதினாறு பேரின் வருஷச் சந்தா,
பதினேழாவது ஆளிடம் பாதி.

சுருக்கம் மட்டும் இலவசம்.
ஜெபமாலை போனில் தேடி
எழுத்துக் கூட்டித் தமிழாக்கிச் சொன்னான்:
‘களப் பணியாளர்களிடம் பெற்ற தரவுகள்.’
அந்தப் பன்மைக்குள்
தையல்நாயகி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

‘பேருக்காக வரல.
என்ன முடிவுக்கு வந்தாங்கன்னு தெரியணும்.
அடுத்த வருஷம் ஆடியிலேயே போட்டுடணுமா,
புரட்டாசி வரைக்கும் தாங்குமா?’

யாருக்கும் தெரியவில்லை.
இருபது பேர் இருந்தோம்,
எல்லோரும் ஊசி போடுகிறவர்கள்.

அதற்குள் கட்டிமேட்டிலிருந்து போன்:
கன்று குறுக்கே கிடக்கிறது,
ஒரு கால்தான் தெரிகிறது.
நாலு பேர் மழைக்கோட்டைத் தேடினார்கள்.
தையல்நாயகி முழங்கை வரை வளையலைக் கழற்றியபடி
முதலில் இறங்கினாள்.
கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைப்பு.

நோட்டுகள் மேசையிலேயே கிடந்தன.
பீரோவில் வைத்தால்
பதிவேட்டில் ஏற்ற வேண்டும், விதி.

ஸ்டீல் பீரோ, ஒன்று.
பிளாஸ்டிக் நாற்காலி, இருபத்திரண்டு. உடைந்தவை ஐந்து.
மைக், ஒன்று. பேசாது.
நோட்டு, மூன்று.

மதிப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
முப்பத்தொன்பது என்று எழுதி
அடித்தேன்.
அடித்தலுக்கு மேலே பொடியெழுத்தில்:
வெளியே தருவதில்லை.
யார் வேண்டுமானாலும்
இங்கேயே உட்கார்ந்து படிக்கலாம்.
ஜன்னலோரம் ஒழுகும்,
நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளவும்.