பத்தாம் தேதிக்குள்

கூட்டம் ஒன்பது மணிக்கு.
ஒன்பதரைக்கு நான் போனபோது
தலைமை ஆசிரியை கெபிருங்கி
மூன்றாம் வகுப்பிலிருந்து கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார்.
கரும்பலகையில் அந்த மார்ச் மாதத் தேதி,
அதற்குக் கீழே என் கையெழுத்தில்
வீட்டுப்பாடம்: ஏழாம் வாய்ப்பாடு.
யாரும் அழிக்கவில்லை.
யாரும் செய்திருக்கவும் மாட்டார்கள்.

ஆறு ஆசிரியர்கள் இருந்த பள்ளியில்
வந்திருந்தவர்கள் மூவர்.
பாகருகாயோ கபாலே டவுனில் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறார்.
அன்றன்றைக்குக் கூலி கைக்கு வருகிறது,
நீங்களே நடத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.
நான் இரண்டு வருஷம் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன்.
இன்று சாக்பீஸைப் பிடித்த விரல்கள்
அதை ஒடித்த பிறகுதான்
அது என்னவென்று நினைவுக்குக் கொண்டுவந்தன.

மாவட்டத்திலிருந்து ஒரு தாள்.
பதினாறு கட்டளைகள்.
கை கழுவ வாளி: இருக்கிறது, தண்ணீர் ஏரியில் இருக்கிறது.
காய்ச்சல் பார்க்கும் கருவி: ஒன்று. பேட்டரி
கெபிருங்கி வீட்டு ரேடியோவில்.
பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடையே இரண்டு மீட்டர்.
தச்சர் டிண்டியெப்வா டேப்பை இழுத்து இழுத்து அளந்துவிட்டு
அறைக்குப் பதினொரு பேர் என்றார்.
என் பதிவேட்டில் அறுபத்து மூன்று பேர்.
இரண்டாம் முறை அளந்தார்.
பன்னிரண்டு என்றார், என் முகத்தைப் பார்த்து.

பெஞ்சுகளையும் உயர்த்தவேண்டும் என்றார் அவரே.
பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்திருப்பார்கள்?
எங்களில் யாருக்கும் தெரியவில்லை.
"என் பையன் நாலு விரல் வளர்ந்திருக்கிறான்.
எல்லாருக்கும் நாலு விரல் கட்டை வைத்து அடித்துவிடுகிறேன்."

அப்போதுதான் நான் கேட்டேன்,
படகுக்கு என்ன செய்வது?

தீவுப் பிள்ளைகள் மட்டும் நாற்பத்தெட்டு.
மரத்தைக் குடைந்த படகில் எட்டுப் பேர்
முழங்காலோடு முழங்கால் இடிக்க வருவார்கள்.
இடைவெளி விட்டால் மூவர்.
பதினாறு நடை.
போய்வர நாற்பது நிமிஷம், படகு இரண்டு.
காலை எட்டுக்குத் தொடங்கினால்
கடைசிப் பிள்ளை கரையேறும்போது மணி ஒன்று இருபது.
ஒன்றுக்கே பள்ளி விட்டிருக்கும்.
வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.
மீதி பூஜ்யம்.
இவ்வளவு சுத்தமாக வகுபட்ட கணக்கை
நான் இதற்கு முன் வெறுத்ததில்லை.

கெபிருங்கி பதிலுக்குப் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.
அகம்புரீரா: கல் உடைக்கிறான். தம்பியின் நோட்டுக்கு
அவன்தான் காசு தருவானாம், தான் வரமாட்டானாம்.
முசிங்குசி: குடும்பமே எல்லை தாண்டிப் போய்விட்டது.
நின்சீமா, ஏழாம் வகுப்பு:
வருகிறாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையோடு.

தாளைப் புரட்டினோம், பின்பக்கமும் பார்த்தோம்.
தாய்க்கும் பிள்ளைக்கும் எத்தனை மீட்டர் என்று
பதினாறில் ஒன்றிலும் இல்லை.
கெபிருங்கி பேனாவைத் திறந்து
பதினேழு என்று எண்ணிட்டு எழுதினார்:
மடிக் குழந்தை படகுக் கணக்கில் சேராது.
கீழே பள்ளி முத்திரையைக் குத்தினார்.
மை காய்ந்திருந்தது. எச்சில் தொட்டு
மறுபடியும் குத்தினார்.

மாலையில் ஏரிக்கரைக்குப் போனோம், படகைப் பார்க்க.
ஒன்றுதான் தண்ணீரில் கிடந்தது.
மற்றது படகோட்டி வீட்டு வாழைத் தோப்பில்.
இரண்டு வருஷமாக அதில்
பழம் மிதித்து மது ஊறவைத்திருக்கிறார்கள்.
பள்ளி இல்லை, படகு சும்மா இருக்குமா என்றார் அவர்,
எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு குவளை நீட்டியபடி.

இந்த வாடையோடு பிள்ளைகளை எப்படி ஏற்றுவது?
கழுவி வெயிலில் கவிழ்த்தால் போய்விடும், என்றார்.
எத்தனை நாள்?
பத்து.

இருப்பது ஆறு.
கெபிருங்கி செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தார்.
நான் ஒரு முனையைப் பிடித்தேன்.
கிழங்கு மூட்டையைவிடக் கனம்.
தண்ணீரில் இறக்கியதும்
எங்கிருந்தோ வாத்துகள் நீந்தி வந்து
அதைச் சுற்றத் தொடங்கின.