வராத வரவு

வண்ணார்பேட்டை, ஆடிட்டர் ஆபீஸ் மாடி.
ஏசி சொட்டுகிறது,
கீழே ஒரு பெயிண்ட் வாளி வைத்திருக்கிறார்கள்.
ஜெபசெல்வி என் பான் நம்பரைத் தட்டினாள்.
"அண்ணாச்சி, இந்த வருசம் உங்களுக்கு வருமானம்
பத்து லட்சத்துப் பதினஞ்சாயிரம்."

சிரித்துவிட்டேன்.
சட்டைப்பையில் பஸ்ஸுக்கு இருபது ரூபாய்,
அதுவும் உலகம்மாள் எடுத்துக் கொடுத்தது.

"சிரிக்காதீங்க. நீங்க தரவேண்டியதை ஒருத்தர் விட்டுட்டா
அது உங்களுக்கு வந்த மாதிரிதான்."

வந்ததாம்.
எந்த வாசல் வழியா வந்துச்சு, கேட்டுச் சொல்லு தாயி.

டிசம்பரில் ஆறு வந்தது, அது தெரியும்.
சந்திப்புக் கடையில் ஷட்டருக்கு அடியால் நுழைந்து
நாற்பது பக்கம் நூறு பக்கம் பார்க்காமல் குடித்தது.
நோட்டெல்லாம் உப்பி
உள்ளேயிருந்து ஷட்டரைத் தள்ளிக்கொண்டு நின்றன.
நாலாம் நாள் கடப்பாரை போட்டுத் திறந்தோம்.
பின்னட்டை வாய்ப்பாடு மட்டும் அழியவில்லை:
ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு.

மஞ்சக் கடுதாசி கொடுத்துவிடு என்றார்கள்.
வக்கீல் வீட்டுப் படி வரைக்கும் போனேன்.
செருப்பைக் கழற்றினேன்,
மறுபடி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பேங்க் சொத்துப் பட்டியல் கேட்டது.
டிவிஎஸ் பிப்டி ஒன்று.
பிரிட்ஜ், கதவு சாத்தாது.
தம்பியோடு வழக்கில் கிடக்கிற வீட்டில் பாதி.
எதிர்ப்பக்கம் கடனை எழுதிக் கூட்டிப் பார்த்தால்
காணாது.
எப்படி மடக்கினாலும் காணாது.

கட்டிங் மெஷினுக்கு வாங்கிய கடனில்
ரெண்டு லட்சத்துப் பத்தைப் பேங்க் தள்ளியது.
"இது வருமானம் இல்லையாம், ஆடிட்டர் சார் சொல்லுதாரு.
ஆனா சரக்குக்கு வாங்கினதுல தள்ளின
மூணே முக்கால் லட்சம் வருமானம்.
மேலப்பாளையத்துக்காரர் விட்ட ஆறு நாப்பதும் அப்படித்தான்."

மைதீன் பிச்சை.
பேப்பர் ரீல் கொடுத்தவர்.
கடையைப் பார்க்க வந்தவர்
சேற்றில் நின்று ஒரு நோட்டைப் பிழிந்து பார்த்தார்.
மறுவாரம் லெட்டர்பேடில் நாலு வரி:
பாக்கி இல்லை, கணக்கு முடிந்தது, துவா செய்யவும்.
அந்தத் தாளுக்கு இப்போது ஜெபசெல்வி
ஜெராக்ஸ் எடுக்கிறாள், ரெண்டு காப்பி.
அவர் கணக்கில் வாராக்கடன்.
என் கணக்கில் வராத வரவு.
படிவத்தில் தொகைக்குக் கட்டம் இருக்கிறது,
சேற்றில் நின்ற மனுசனுக்கு எங்கே எழுத?

"வெள்ளம் வந்த வருசம்
தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டீங்களா?"
போட்டது நானில்லை, உலகம்மாள்.
நனைந்த பில்லை எல்லாம் மொட்டைமாடிக் கொடியில்
துணிக் கிளிப் மாட்டிக் காயப்போட்டாள்.
இல்லாத கடைக்கு எதுக்குட்டி கணக்கு என்று கத்தினேன்.
நட்டத்தையும் சொல்லி வைக்கணும் என்றாள்,
வேறொன்றும் சொல்லவில்லை.

ஜெபசெல்வி அந்த நட்டத்தைத் தேடி எடுத்தாள்.
பதினொண்ணு எண்பது.
வராத வரவை அதில் கழித்தாள்.
"வரி பூஜ்யம் அண்ணாச்சி. இன்னும் ஒண்ணு அறுபத்தஞ்சு
நட்டம் மிச்சம் இருக்கு, அடுத்த வருசத்துக்கு ஆகும்."

நட்டம் மிச்சம் இருக்கிறது என்று கேட்டு
முதல்முறையாக வயிறு குளிர்ந்தது.

"பீஸ் ஆயிரத்தைநூறு. இப்ப வேண்டாம்,
ஆடிட்டர் சார் விட்டுரச் சொல்லிட்டாரு."

ஐயோ, விட்டுராதீங்க தாயி.
அடுத்த வருசம் அதுவும் எனக்கு வருமானமாயிரும்.
பாக்கின்னு எழுதிக்கோ,
பிரம்மநாயகம், ஆயிரத்து நானூத்தி எண்பது.

இருபதை மேஜையில் வைத்துவிட்டு
கொக்கிரகுளம் பாலத்தில் நடந்தேன்.
கீழே ஆறு
கணுக்கால் அளவில் போய்க்கொண்டிருந்தது,
யாரிடமும் எதுவும் வாங்காததுபோல.