மேல் வரிசை

வீட்டு வாசலுக்கே என்றால் இரண்டு யூரோ அதிகம்.
காசுக்காக இல்லை.
ராப்லா சின்ன ஊர்.
கூரியர் வண்டி ஓட்டுகிற ரைவோ
எங்கள் தெருவில் திரும்பும்போதே
எதிர்வீட்டு ஹெல்வேயின் ஜன்னல் திரை விலகும்.
பெட்டி எவ்வளவு நீளம், எந்தக் கடை,
கையெழுத்துப் போட வந்தவள்
தலையில் என்ன கட்டியிருந்தாள்,
சாயங்காலத்துக்குள் ரொட்டிக்கடை வரை போய்விடும்.

அதனால் அங்காடிச் சுவரோரம் நிற்கும்
சாம்பல் நிற அலமாரியைத் தேர்ந்தெடுத்தேன்.
எழுபத்திரண்டு கதவுகள், ஒன்றுக்கும் கண் கிடையாது.
எண்ணை அழுத்தினால் டக்கென்று திறக்கும்.
உடம்பு இப்போது எப்படி என்று கேட்காது.
அந்த மாதங்களில்
நான் தேடியதெல்லாம் அப்படி ஒரு ஜீவனைத்தான்.

மருந்துக்கடையில் எனக்குப் பத்தொன்பது வருஷம்.
இந்த ஊரில் யாருக்குத் தூக்கம் வராது,
யாருக்கு எந்த இடத்தில் அரிக்கும்,
எல்லாம் தெரியும்.
வெள்ளைக் காகிதப் பையில் போட்டு
வாயை இரண்டு மடிப்பு மடித்துத் தருவேன்.
பையின் வாயை.
என்னுடையதையும்தான்.

பிப்ரவரி. மைனஸ் பதினான்கு.
ஆள் நடமாட்டம் ஓய்ந்து ஒன்பதரைக்குப் போனேன்.
கையுறையைப் பல்லால் கழற்றி
ஆறு இலக்கங்களை அழுத்தினேன்.
உறைபனி பிடித்த திரை
கொஞ்ச நேரம் யோசித்தது.
திறந்தது.
மேல் வரிசையில்.

அறுவைக்குப் பிறகு வலக்கை
தோளைத் தாண்டி எழுவதில்லை.
இடக்கை எழும், ஆனால் நான் குள்ளம்.
விரல்நுனி கதவின் அடி விளிம்பைத் தொட்டது, அவ்வளவே.
பெட்டி உள்ளே, பின்சுவரோடு ஒட்டி.
தள்ளுவண்டி ஒன்றை இழுத்துவந்து ஏறலாமென்றால்
சங்கிலி போட்டிருந்தது, ஒரு யூரோ நாணயம் கேட்டது.
என்னிடம் அட்டைதான்.
திரையில் சிவப்பு எழுத்து:
தயவுசெய்து கதவை மூடவும்.
மூடவும் எட்ட வேண்டுமே, தாயே.

முதுகில் வண்டி வெளிச்சம் விழுந்தது.
ரைவோ. வேறு யார் வருவார்கள்,
இரவில் அலமாரியை நிரப்புவதும் அவன்தானே.
ஒன்றும் கேட்காமல் கையை உள்ளே விட்டு எடுத்தான்.
பெட்டியின் பக்கவாட்டில்
தார்த்து நகரத்துக் கடையின் பெயர்,
கூந்தல் காற்றில் பறக்கச் சிரிக்கும் ஒரு பெண்.
அந்தப் பக்கத்தைத் தன் சட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டு
என்னிடம் நீட்டினான்.
"எடையே இல்லை" என்றான்.
"இல்லைதான்" என்றேன்.
"தரை வழுக்கும், பார்த்துப் போங்கள்."

மாதம் ஒருமுறை,
கடை மூட ஐந்து நிமிஷம் இருக்கையில் வந்து
ரைவோ வாங்கிப்போகும் மருந்தின் பெயரை
நான் எவரிடமும் சொன்னதில்லை.
இங்கேயும் சொல்லப்போவதில்லை.

விக் சரியில்லை. ஊறிப்போன தேயிலையின் நிறம்.
திருப்பி அனுப்பினேன், இன்னொன்று வந்தது,
அது என் மாமியாரைப் போல இருந்தது, அதையும் அனுப்பினேன்.
நான்கு முறை போனேன்.
முப்பத்தொன்று, முப்பத்து மூன்று,
முப்பத்தொன்று, மறுபடி முப்பத்து மூன்று.
எல்லாம் நெஞ்சுயரக் கதவுகள்.
எந்தக் கதவு என்பதை இயந்திரமே முடிவு செய்யும் என்று
செயலியின் விளக்கத்தில் போட்டிருக்கிறது.
இருக்கட்டும்.

ஏப்ரலில் அரை அங்குலம் முளைத்தது.
தொட்டிக்கு மண் வாங்கினேன், பன்னிரண்டு கிலோ.
'வீட்டு வாசலுக்கே' என்ற வட்டத்தைத் தொட்டேன்.
ஹெல்வே பார்த்தால் பார்க்கட்டும்.

மணி அடித்ததும்
தலையில் எதுவும் கட்டாமல் போய்க் கதவைத் திறந்தேன்.
ரைவோ இல்லை.
புதிதாக ஒரு பையன், காதில் பாட்டு.
மூட்டையை இறக்கினான், படம் எடுத்தான், போய்விட்டான்.
நிமிர்ந்து பார்க்கவேயில்லை.
ஒப்படைத்ததற்கு அத்தாட்சி என்று
அந்தப் படம் போனுக்கு வந்தது:
மண்மூட்டையும் என் இடது செருப்பும்.

எதிர்வீட்டுத் திரை அசைந்தது.
கையை உயர்த்தினேன்.
வலக்கையை,
தோள் வரை.