கந்தகத் தட்டு

சோடியம் சல்பைடைக் கரைத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை,
ராக்கியண்ணன் கதவைத் தட்டினார்.
"அம்மணி, சிலிண்டர் ஒழுகுதா?"

"இல்லீங்க, படத்துக்குப் பழுப்பேத்தறேன்.
அழுகின முட்டை நாத்தம் வரத்தான் செய்யும்.
பனியனுக்குக் கறுப்பேத்த டையிங்காரங்க வாங்குற
அதே டிரம்முதானுங்க."

மோப்பம் பிடித்து வந்தவர் போகவில்லை.
கறுப்புத் துணி அடித்த சமையலறை ஜன்னலை
வாடகைக்கு விட்டவரின் கண்ணால் பார்த்தார்.
பிறகு, தட்டில் கிடந்த ஆளை.

தம்பி.
போர்க்குழாய்த் தகராறில்
பதினொரு வருஷமாய்ப் பேச்சில்லாத தம்பி.
படம் கேட்டது அவர் மகள்.
உறவு எனக்குத் தெரியாது அப்போது.

முதல் தட்டு மஞ்சள் நீர்.
சட்டை மடிப்பு போயிற்று, கன்னம் போயிற்று,
மீசை கடைசியாக.
"ஏனுங்க, அழிச்சுப்போட்டீங்களே!"

நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் பயம்.
ஹைப்போ கொஞ்சம் காகிதத்தில் தங்கியிருந்தால்
மஞ்சளோடு கூட்டுச் சேர்ந்து வெள்ளியைத் தின்றிருக்கும்.
போன முகம் போனதுதான்.
ஒன்பது நாளைக்கொரு முறை குழாயில் தண்ணீர் வரும் திருப்பூரில்
நன்றாகக் கழுவினேன் என்று
யார் சத்தியம் செய்வது?

மஞ்சளை அலசி
நாறும் தட்டில் நழுவவிட்டேன்.
மூச்சு விடவும் நேரமில்லை:
கருப்பட்டி நிறத்தில் மீசை,
சட்டைப்பையில் பேனா,
எதையோ சொல்ல வந்து நிறுத்திய வாய்.

வெள்ளியைக் காற்றிலிருக்கும் கந்தகம் என்றாவது தின்னும்.
இந்த ஊர்க் காற்று சீக்கிரமே தின்னும்.
அதனால் அந்தக் கந்தகத்தையே
முன்கூட்டி ஊட்டிவிடுகிறோம்.
இனி கறுக்க அதில் மிச்சமில்லை.
இதை அவரிடம் சொன்னேனா, நினைத்தேனா, நினைவில்லை.

"எத்தனை வருஷம் இருப்பான்?"

"கழுவினா நூறு தாண்டுமுங்க.
ஒரு மணி நேரம் ஓடற தண்ணி வேணும்.
எங்கிட்ட இருக்கறது நாலு குடம்."

மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.
கோபம் என்றுதான் நினைத்தேன்.
மேலிருந்து குரல்:
"போர்த்தண்ணி உப்பாச்சே, ஆகுமா?"

ஆகும்.
உப்பு ஹைப்போவை இன்னும் வேகமாய் விரட்டும்.
கடைசி அலசலுக்கு என் நாலு குடம் போதும்.

மோட்டார் இரைந்தது.
குழாய் இருமி, துருவைக் கக்கி,
தெளிந்து கொட்டியது அந்தப் போரின் தண்ணீர்.

நாற்பதாவது நிமிஷம் படத்தின் வெள்ளை ஓரத்தில்
சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு வைத்துத் துடைத்தேன்.
வெளிர் மஞ்சளாய்க் கறை.
"இன்னுங் கொஞ்ச நேரம் விடுங்க!"

அந்த இரைச்சலில் கேட்டதோ என்னவோ,
மோட்டார் நிற்கவில்லை.