நாற்பத்தொரு வீதம்

உரப்பையை விரித்து, மேலே போர்வை சுற்றி,
மோட்டார் சைக்கிளின் பின்சீற்றில் மகனை இருத்தி
அவன் கையில் ரீவியைக் கொடுத்து
விசுவமடுவிலிருந்து பரந்தன் சந்திக்கு
வந்து சேர்ந்தான் அமலதாஸ்.
தருமபுரம் தாண்டத் தூறியதாம்.
தன் சேட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தியிருந்தான்.

"உயிர் இருக்கு அக்கா,
ஆனா விடியுதில்லை."

செருகிப் பார்த்தேன்.
சிவப்பு விளக்கு. பிறகு பெயர்.
கம்பனிக்காரனின் வெள்ளைப் பெயர்
கறுப்பில் எழும்பி
ஐந்து எண்ணுமுன் அணைந்து
திரும்ப எழும்பியது,
தன் பெயரைத் தவிர
வேறொன்றும் நினைவில்லாத ஆள் மாதிரி.

"எங்க வச்சு நிண்டது?"
"நாற்பத்தொரு வீதத்தில."
நீலக்கோடு நாற்பதைத் தாண்டிவிட்டதென்று
கோழிக்குத் தீன் போட எழும்பினாளாம் சகாயராணி.
ட்ரான்ஸ்போமரில் அந்நேரம் பார்த்து
மயிலொன்று வந்து குந்தியிருக்கிறது.
பெரிய சத்தம்.
நாய் கட்டிலுக்குக் கீழே போனதாம்.
தானும் போகப் பார்த்ததாகச் சொன்னான்,
சிரிக்காமல்.

"இடையில நிற்பாட்டக்கூடாது எண்டு போட்டிருக்கே."
"நானோ நிற்பாட்டினன்?
மயிலுக்கு ஆர் அக்கா வாசிச்சுக் காட்டுறது?"

உத்தரவாதம் முடிந்து பதினொரு நாள்.
தவணை முடிய இன்னும் நாலு மாதம்.

வயரைப் பிடுங்கி ஐந்து நிமிடம் ஆறவிட்டேன்.
பொத்தானை நாற்பது விநாடி அமத்தினேன்.
அதே பெயர்.
பின்புற ஸ்ரிக்கரில் இலக்கம் பார்த்து
என் போனின் டேற்றாவில் முந்நூறு எம்பி இறக்கினேன்.
கைக்குக் கிடைத்த பென்னில்
யாரோ ஒரு பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா.
அதைப் பத்திரமாக வேறிடம் மாற்றி
பென்னைத் துடைத்து, கோப்பை ஏற்றி,
பொத்தானை அமத்தியபடி கறண்டைக் கொடுக்க
சிவப்பு மினுங்கத் தொடங்கியது.
யூபிஎஸ்ஸில்தான் கொடுத்தேன்.
பரந்தனிலும் மயில் உண்டு.

மூன்று பேரும் கோட்டைப் பார்த்திருந்தோம்.
முப்பது. முப்பத்தெட்டு.
நாற்பத்தொன்றில் சிறுவன் மூச்சை அடக்கினான்.
நாற்பத்திரண்டு.

படம் வந்தது.
தலைகீழாக.

சமையல்காரி ஒருத்தி
கூரையில் தொங்கிக்கொண்டு
மேலே இருந்த சட்டிக்கு
உப்பை எறிந்து ஏற்றிக்கொண்டிருந்தாள்.
வாங்கிலில் காலைத் தூக்கிப் போட்டு
தலையைத் தொங்கவிட்ட சிறுவன்
"இப்ப சரி" என்றான்.
தகப்பனும் கொஞ்சம் யோசித்தான்.
"அப்பிடியே கவிட்டு மாட்டினால்?"
"மாட்டலாம். பிறகு நீங்களும் கவிண்டு கிடந்துதான்
பேரை வாசிக்கவேணும்."

பதினாலு ஆணி கழற்றினேன்.
உள்ளே பல்லிமுட்டைக் கோது இரண்டு,
திரையின் முதுகில் இன்னொரு இலக்கம்.
கடைசி எழுத்து மட்டும் வேறு.
ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க
ஒருவனுடைய கடிதத்தை
மற்றவனிடம் கொடுத்திருக்கிறேன்.
என் பிழை. அந்த டேற்றாவுக்குக் காசு கேட்கவில்லை.

பின்னேரம் நாலரைக்கு நிமிர்ந்தது.
எல்லாவற்றையும் மறந்துபோய்
ஒவ்வொன்றாக விசாரித்தது.
என்ன மொழி, எந்த நாடு, இப்போது என்ன நேரம்.
பிறகு கேட்டது:
நான் இருப்பது வீட்டிலா, கடையிலா?

ஈயப்புகைக்கும் ஆணிகளுக்கும் நடுவே
என் மேசையில் கிடந்துதான் கேட்டது.
கடை என்றால்
இராப்பகலாக மீனும் பூவும் காட்டும்.
றிமோட்டைச் சிறுவனிடம் நீட்டினேன்.
யோசிக்காமல் அமத்தினான்,
வீடு.

பாதிக் காசு கையில்.
மீதி அரிவிவெட்டு முடிய.
அவர்கள் போனபின் மேசையைத் துடைக்கையில்
ஒரு ஆணி மிஞ்சியிருந்தது.
அதைப் பற்றி அவனுக்குச் சொல்லவில்லை.

இரவு ஒன்பதுக்குப் போன்.
"அக்கா, திரும்பக் கேக்குது."
"என்னவாம்?"
"புதுசு வந்திருக்காம். இப்ப போடவோ,
பிறகு பாப்பமோ எண்டு."
"வெளியில மழைக்குணமோ?"
கதவு திறக்கும் சத்தம்.
தவளைகள். ஒரு நாய்.
"முல்லைத்தீவுப் பக்கம் மின்னுது."
"அப்ப கை வையாதேங்கோ."