புரட்டாசிச் சனி

ஜெலுத்தோங் கடையில் பையைக் கட்டித் தரும்போது
கோய் சொன்னது மூன்றே வார்த்தை:
"பாஞாக் மக்கான், மாத்தி."
நிறையத் தின்றால் செத்துப் போகும்.
வாரத்தில் ஒரு நாள் பட்டினி என்று விரல் காட்டினார்.
சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டேன்,
எனக்கும் அன்று ஒருபொழுது.

ரெலாவ் ஃபிளாட், பதினான்காம் மாடி, இரண்டடித் தொட்டி.
பத்து மாவுங் கரையில் பொறுக்கிய கெத்தாப்பாங் சருகு ஊறி
தண்ணீர் ஆறிப்போன தே-ஓ நிறம்.
ஆண் சுண்டுவிரல் நீளம். முதுகுச் செதிலைச் சேவல் கொண்டைபோல் சிலிர்ப்பான்.
பெண் அதில் பாதி.
சிரட்டையைக் கவிழ்த்து வாசல் அறுத்து வைத்தேன்.
மறுவாரமே குடிபுகுந்தாள்,
உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டாள்,
அவனை ஃபில்டர் மூலைக்கு விரட்டினாள்.

முதல் ஈட்டு முட்டைகளை
அவளே தின்றுவிட்டாள்.
டார்ச் அடித்துப் பார்த்தது என் தப்பு.

இந்த முறை பார்க்கவில்லை.
வீட்டில் கவுச்சி நின்ற வாரம்
சிரட்டை வாசலில் தூசி என்று நினைத்தேன்.
தூசிக்குக் கண் இருந்தது.

உயிருள்ளதைத்தான் தின்னும், தூளைத் துப்பிவிடும்.
மினரல் பாட்டிலின் அடியை அறுத்துத் தலைகீழாக நிறுத்தி
உப்புத் தண்ணீர், காற்றுக் குழாய்,
காபித்தூள் போல ஆர்ட்டீமியா முட்டை.
ஒரு நாள் கழிந்ததும்
விளக்கு வைத்த பக்கமாகத் திரண்டு வந்தது
ஆரஞ்சுப் புகை, அத்தனையும் இறால் பிஞ்சு.
"இது மட்டும் கவுச்சி இல்லையா?" என்றார் குணசீலன்
சாம்பாரில் கத்தரிக்காயை ஒதுக்கிக்கொண்டே.
துளசித் தண்ணீர்ச் செம்புக்கு ஒரு முழம் தள்ளி
பாட்டில் இரவெல்லாம் கொப்பளித்தது.

சனிக்கிழமை. விடியலிலிருந்தே மழை.
பெரியவை இரண்டுக்கும் பட்டினி, எனக்கும்.
குஞ்சுகளின் வயிறோ ஊசிமுனை,
ஒரு நாள் தாங்காது.
மாவிளக்குப் பிசைந்த கையைக் கழுவிவிட்டு
பழைய வேட்டித் துண்டில் இறாலை வடித்து
சிரட்டை வாசலில் சொட்டுச் சொட்டாக விட்டேன்.
ஒவ்வொரு வயிறாக ஆரஞ்சுப் புள்ளி ஏறிற்று.
எண்ணினேன். முப்பத்து நான்கு.
இல்லை, முப்பத்தொன்று.

பெண் வந்து கண்ணாடியில் என் விரலை முட்டினாள்.
பசியோ,
போ என்கிறாளோ.
மூலையில் அவன், கொண்டையை மடக்கிக்கொண்டு.
டப்பாவைத் திறந்தேன். மூடினேன்.
திறந்தேன்.

கோய் கேட்டால் மழுப்பிவிடலாம்.
மாலையில் கோயிலுக்குப் போகவேண்டும், அங்கேதான் கூச்சம்.
ஆனால் அவரும் ஒரு காலத்தில்
சின்னச் செம்புக்குள் மீனாகக் கிடந்தவர்தானே.
கிழமை பார்க்காமல்
யாரோ ஊட்டியிருப்பார்கள்.